பால் ஸ்பூனும் கறிப் பானையும்

அத்தியாயம் 14

போன வாரம் சாசோனைச் சமையலறை வாசலில், கையில் பயணப் பையோடு, வாயடைத்துப் போய் நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், அங்கேயே நிற்கட்டும் என்று விட முடியாது.

எய்லாத் கடற்கரைக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டிப் போனவர் திரும்பி வந்தபோது, அவர் வீட்டுச் சமையலறை அவருடையதாக இல்லை. அடுப்பை கேஸ் டார்ச் வைத்துச் சுட்டிருந்தார்கள். மேடை முழுக்கக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். கல்யாணமான நாள் முதல் சாப்பிட்ட தட்டுகள் அட்டைப் பெட்டிக்குள் போய் மாடிப்படிக்கு அடியில் கிடந்தன. இழுப்பறைக்கு இழுப்பறை ஸ்டிக்கர். கறிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம், இரண்டிலும் சேராததற்குப் பச்சை.

எல்லாம் ஒஸ்னத்தின் வேலை. புருஷன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து ஆளைக் கூட்டி வந்து செய்தது. மகனுக்காகச் செய்தது.

மகன் அவிஷாய் இரண்டு வருடமாக அம்மா கையால் சாப்பிடவில்லை. முன்பெல்லாம் சனிக்கிழமை தவறாமல் அப்பாவோடு கால்பந்து பார்க்க மைதானத்துக்கு ஓடியவன், தாடி வளர்த்து, வேதப் பாடசாலையில் சேர்ந்து, ஆளே மாறிப்போனான். பெற்றவர்களைப் பார்க்க வருவான், உட்காருவான், தண்ணீர் குடிப்பான், ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்பான். அம்மா சமைத்த பானைப் பக்கம் திரும்ப மாட்டான். "உன் சமையலறை முழுசா கோஷர் ஆகட்டும்மா, அப்புறம் சாப்பிடறேன்" என்பான். கறியும் பாலும் ஒன்றோடொன்று படாமல், யூதச் சட்டப்படி சுத்தமாக இருப்பதுதான் கோஷர்.

இத்தனைக்கும் அந்த வீட்டில் பன்றிக் கறி என்றைக்கும் நுழைந்ததில்லை. கறிக் குழம்பில் யாரும் பாலை ஊற்றியதில்லை. ஆனால் பாத்திரம் கழுவும் தொட்டி ஒன்றுதான். பஞ்சு ஒன்றுதான். கரண்டிகள் இஷ்டத்துக்கு இங்கேயும் அங்கேயும் போய் வந்தன. கண்டிப்பான வீடுகளில் ஒரே சமையலறையில் இரண்டு குடித்தனம் நடக்கும். கறிக் குடித்தனம் ஒன்று, பால் குடித்தனம் ஒன்று. பேச்சுவார்த்தை கிடையாது. ஒஸ்னத் வீட்டில் அந்த இரண்டும் கூட்டுக் குடும்பமாக இருந்தன, அவ்வளவுதான்.

சாசோன் அன்று கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஆக, இத்தனை வருஷமா என் புள்ளைக்கு ஆகாததைத்தான் போட்டு வளத்தேனா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதோடு சரி. உப்பு வேண்டுமென்றால்கூட உப்பு இருக்கிற திசையைப் பார்த்தாரே தவிர, மனைவியைப் பார்க்கவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் அவிஷாய் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தான். செவ்வாய் யூதர்களான எங்களுக்கு இரட்டிப்பு நல்ல நாள்; உலகைப் படைத்தபோது கடவுள் அன்றைக்கு இரண்டு தடவை 'நல்லது' என்று சொன்னதாக வேதம். கல்யாணம், குடிபோவது, மனக்கசப்பைத் தீர்ப்பது, எதையும் அன்றைக்கு வைத்துக்கொள்வோம்.

ஒஸ்னத் பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். அன்று லீவு போட்டுவிட்டு விடியும்போதே அடுப்படிக்கு வந்துவிட்டாள்.

என்ன சமையல் என்று கேட்க வேண்டுமா? எங்கள் கட்டமோன் பகுதியில், அதுவும் பாக்தாத்திலிருந்து வந்த குடும்பத்தில், மகன் சாப்பிட வருகிறான் என்றால் கூபேதான். ரவை மாவைக் கிண்ணம்போலக் குழித்து, கொத்துக்கறியை வைத்து மூடி உருட்டி, கொதிக்கிற பீட்ரூட் குழம்பில் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் விரிந்துவிடும். கறிக்கடையிலும் இந்தத் தடவை சாதாரண முத்திரை போதாது என்று சொல்லி, நுரையீரலைத் தடவிப் பார்த்து ஒரு வடு இல்லாமல் வழவழவென்று இருந்ததாகச் சான்று பெற்ற மாட்டின் கறியையே கேட்டு வாங்கியிருந்தாள். கடைக்காரன் அவளை மேலும் கீழும் பார்த்தான். பார்த்தால் பார்க்கட்டும்.

பெரிய பானை. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய புதுப் பானை. குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தபோது சாசோன் எழுந்து வந்தார்.

வந்தவர் ஒன்றும் பேசாமல் காபி போட்டார். பொடி, வெந்நீர், பால். நீல இழுப்பறையைத் திறந்து ஸ்பூன் எடுத்துக் கலக்கினார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒஸ்னத் மனதுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டே எலுமிச்சம்பழம் கழுவத் தொட்டிப் பக்கம் திரும்பினாள்.

பானை மூடி நகரும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தால், சாசோன் அதே ஸ்பூனைக் குழம்பில் விட்டு எடுத்து, ஊதி, வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சாசோன்!"

"என்ன?" இத்தனை நாளில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"கையில என்ன?"

"ஸ்பூன்."

"எந்த ஸ்பூன்?"

அவர் ஸ்பூனைப் பார்த்தார். "காபி ஸ்பூன்."

"காபியில என்ன ஊத்தினே?"

"பால்."

"பானையில என்ன கொதிக்குது?"

அவர் மூடியை எடுத்த இடத்தில் வைத்தார்.

"மறந்துட்டேன்" என்றார். "எப்பவும் பாக்கற ருசிதானே, கை தானா போயிடுச்சு."

அது உண்மைதான். கூபே வைக்கிற நாளெல்லாம் அவர் ஸ்பூனோடு வந்து நிற்பார். ஒஸ்னத் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

"இப்ப நான் என்ன பண்ணுவேன்? அவன் வரப் போறானே!"

"என்ன பண்ணணும்? போடு. சாப்பிடட்டும்."

"கறிக்குள்ள பால் போயிருக்கு!"

"யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்க மாட்டேன். அவன் நாக்குல என்ன, சட்டப் புஸ்தகமா ஒட்டி வெச்சிருக்கான்?"

சொல்லிவிட்டு ஜன்னலோரம் இருந்த பூச்செடித் தொட்டியில் அந்த ஸ்பூனைக் காம்பு வரை குத்தி நட்டார்.

"அது எதுக்கு?"

"தீட்டை மண்ணு இழுத்துடும். நம்ம தெருவுல எல்லாரும் செய்யறதுதானே?"

எல்லாரும் செய்கிறதுதான். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பூச்செடிகளுக்கு உரம் என்று பார்த்தால் தடம் மாறிப் போன கத்தியும் ஸ்பூனும்தான். சாசோன் காபியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய் சிகரெட் பற்றவைத்தார்.

ஒஸ்னத் பானையைப் பார்த்தபடி நின்றாள். குழம்பு எப்போதும் போலச் சிவப்பாக, எப்போதும் போல வாசமாக இருந்தது. சொல்லாவிட்டால் மகன் சாப்பிடுவான். இரண்டு வருட ஏக்கம் இன்று மதியத்தோடு தீரும். சொன்னால், "பாத்தியா, ஒரு நாள்கூடத் தாங்கலை" என்று எழுந்து போய்விடுவான். அப்புறம் எந்த முகத்தோடு மறுபடி கூப்பிடுவது?

ஆனால் அவன் எதை நம்பி வருகிறான்? டார்ச்சையும் வெந்நீரையுமா? அம்மா செய்துவிட்டேன் என்று சொன்னதை நம்பித்தானே வருகிறான். தெரிந்தே அவன் தட்டில் அதைப் போட்டால், அவன் சாப்பிடுவது அவளுடைய சமையலாக இருக்காது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். எலுமிச்சம்பழத்தையும் பிழிந்து ஊற்றினாள். பழக்கம்.

கதவு மணி அடித்தது.

அவிஷாய் வர இன்னும் நேரமிருந்தது. வந்தது பெய்லா, மருமகள். தலையை இறுக்க மூடிய துணி, கையில் கேக் டப்பா.

இந்தப் பெண்ணிடம் ஒஸ்னத்துக்கு ஒரு பயம் உண்டு. போலந்து வழி வந்த குடும்பம், ஏழு தலைமுறையாக ரப்பிமார்கள், அதாவது வேத குருமார்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். மகனைப் பிரித்துக்கொண்டு போனவள் என்று ஒஸ்னத் உள்ளூர ஒரு பழியும் வைத்திருந்தாள். உண்மையில் அவிஷாய் மாறிய பிறகுதான் இவள் வந்தாள். இருந்தாலும் மருமகள் மேல் பழி போடுவது சுலபம். அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

"கை கொடுக்கலாம்னு முன்னாடியே வந்துட்டேன் அத்தை" என்றாள் பெய்லா. முத்திரை தெரிகிற மாதிரி டப்பாவைத் திருப்பி வைத்தாள். "கேக் பர்வேதான். பால் சேர்க்கலை. கறிச் சாப்பாட்டுக்கு மேல சாப்பிடலாம்."

ஒஸ்னத் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பெய்லா, உக்காரும்மா. நீ சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். பானை கெட்டுப் போச்சு."

காபி, ஸ்பூன், குழம்பு, எல்லாவற்றையும் சொன்னாள். பூச்செடியைக்கூட விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு, வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

பெய்லா எழுந்து போய் மூடியைத் திறந்தாள்.

"இந்தப் பானையிலயா?"

"ஆமா."

"அத்தை, இது பானையா, தண்ணித் தொட்டியா? எங்க வீட்டுல நிச்சயதார்த்தத்துக்கே இவ்ளோ சமைக்க மாட்டாங்களே! யாரெல்லாம் வராங்க?"

"நாம நாலு பேர்தான்."

பெய்லா சிரித்துவிட்டாள். பிறகு மாமியார் கண்ணைப் பார்த்தாள், சிரிப்பை நிறுத்தினாள்.

"இதுக்கா அழுதீங்க? எங்கம்மா வாரா வாரம் ரப்பிக்குப் போன் போடுவாங்க. பால் கரண்டி கறியில விழுந்துச்சு, முட்டையில ரத்தப் புள்ளி இருக்கு, கறித் தட்டுல தம்பி சீஸ் வெச்சுட்டான், இப்படி ஏதாவது. போன் போடாத வாரம்னா எங்க வீட்டுல சமைக்கலைன்னு அர்த்தம்."

ஒஸ்னத் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க வீட்டுலயா?"

"பின்னே? தப்பு நடக்காத அடுப்படி ஏது? நடந்தா கேக்கணும். அவ்ளோதான் வித்தியாசம்."

அந்த வீட்டில் தப்பே நடக்காது, தான் ஒருத்திதான் தகுதியில்லாதவள் என்று இரண்டு வருடமாகப் புழுங்கிக்கொண்டிருந்த ஒஸ்னத்துக்கு, நாற்காலியில் உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தாள்.

பெய்லா போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எடுத்தவர் பெய்லா வீட்டுப் பக்கத்துத் தெரு ரப்பி ஷம்மாஷ். பின்னால் கேட்ட இரைச்சலிலேயே அவர் சந்தையில் நிற்பது தெரிந்தது. யாரோ வெள்ளரிக்காய் விலையைக் கூவிக்கொண்டிருந்தார்கள். பெய்லா நடந்ததைச் சொன்னாள்.

"ஸ்பூன் இன்னிக்குச் சூடான பாலுக்குப் பட்டதா?"

"ஆமா ரப்பி, காலையிலதான். காபி."

"எத்தனை தடவை பானைக்குள்ள போச்சு?"

"ஒரே தடவை" என்றாள் ஒஸ்னத்.

"பானை எவ்ளோ பெரிசு? அந்த ஸ்பூனைப் போல அறுபது பங்கு உள்ள இருக்கணும். இருக்குமா?"

"அறுபதா?" பெய்லா பானையைப் பார்த்தாள். "ரப்பி, இதுல ஸ்பூனைத் தேடணும்னா ஆளை இறக்கணும்."

"அப்போ அந்தப் பால் இருந்த இடம் தெரியாமப் போயாச்சு. சாப்பாடு ஆகும். பானையும் ஆகும். ஸ்பூன் மட்டும் ஆகாது. அதை எங்க வெச்சிருக்கீங்க?"

"பூச்செடியில" என்றாள் ஒஸ்னத் மெல்ல.

மறுமுனையில் பெரிய சிரிப்பு. "கட்டமோன்காரங்களா! அந்தச் செடியை விடுங்க அம்மா, அது என்ன பாவம் பண்ணிச்சு? மண்ணுல ஒண்ணும் ஆகாது. ஒரு நாள் சும்மா வெச்சிருந்துட்டு, கழுவி, கொதிக்கிற தண்ணியில முக்கி எடுங்க." பிறகு குரல் மாறியது. "கடைசியா ஒண்ணு. தெரியாம நடந்ததுதானே?"

"என் வீட்டுக்காரர்தான் விட்டார்... மறந்துட்டேன்னு சொன்னார்."

"அவர் பக்கத்துல இருக்காரா? அவர் வாயாலேயே சொல்லட்டும்."

ஒஸ்னத் பால்கனிக் கதவைத் தட்டினாள். சாசோன் சிகரெட்டை அணைக்காமல் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"மறந்துட்டேன்" என்றார் போனைப் பார்த்து.

"சரி, போதும். நல்லா சாப்பிடுங்க" என்றார் ரப்பி. வெள்ளரிக்காய்ச் சத்தம் நின்றது.

ஒஸ்னத்துக்கு நம்பிக்கையே வரவில்லை. "அவ்வளவுதானா? வந்து பாக்க வேண்டாமா? சாட்சி வேண்டாமா?"

"கோர்ட்டுலதான் ரெண்டு சாட்சி. அடுப்படி விஷயத்துல ஒருத்தர் வார்த்தை போதும்" என்றாள் பெய்லா, தட்டுகளை எடுத்துக்கொண்டே. "இல்லேன்னா யாரும் யார் வீட்டுலயும் கை நனைக்க முடியாதே அத்தை."

"அப்போ என் வார்த்தை மட்டும் ஏன் இத்தனை நாள் போதலை?"

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோம் என்று ஒஸ்னத்துக்குத் தெரிந்தது. பெய்லா தட்டுகளை மேஜையில் வைத்துவிட்டு யோசித்தாள்.

"அவருக்குப் பயம் அத்தை. நாங்க இதுலயே பொறந்து வளந்தவங்க, எங்களுக்குக் கேள்வி கேக்கத் தெரியும். புதுசா வந்தவருக்கு 'வேண்டாம்'னு சொல்ல மட்டும்தான் தெரியும். உங்களை நம்பலைன்னு இல்லை. தன்னைத்தான் நம்பலை."

 ஒஸ்னத் மருமகளின் தலைத்துணி நழுவியிருந்ததைத் தானே கை நீட்டிச் சரி செய்தாள். அப்படி அவள் செய்தது அதுதான் முதல் தடவை.

மதியம் அவிஷாய் வந்தான். வாசல் நிலையில் பதித்திருந்த வேதச் சுருளைத் தொட்டு விரலை முத்தமிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தவன், அப்பா பால்கனியிலிருந்து வந்ததும் எழுந்து நின்றான்.

"எதுக்கு எழுந்திருக்கே? நான் என்ன நீதிபதியா?" என்றார் சாசோன்.

"நல்லா இருக்கீங்களாப்பா?"

"இருக்கீங்களாம்! ரெண்டு வருஷம் முன்னாடி 'டேய் சாசோன், ரிமோட் எங்க'ன்னு கேட்டவன்தானேடா நீ?"

பெய்லாவுக்குச் சிரிப்பு வந்தது. அவிஷாயின் முகம் சிவந்தது. எல்லாரும் இரட்டைக் கைப்பிடிக் குவளையால் கை கழுவிக்கொண்டு, முறைப்படி வாய் பேசாமல் மேஜைக்கு வந்தார்கள். சாசோன் ரொட்டியை எடுத்து, வேகமாக, பஸ் நிறுத்தத்தில் பெயர் சொல்வதுபோல் ஆசி சொல்லிப் பிய்த்துக் கொடுத்தார். உப்பில் தொட்டுத் தின்றார்கள்.

ஒஸ்னத் நாலு கிண்ணத்திலும் கூபே போட்டாள். மகனுக்கு எதிரே கிண்ணத்தை வைத்தாள். கையை எடுக்கவில்லை.

"அவிஷாய், காலையில ஒரு தப்பு நடந்துபோச்சு. கேட்டுட்டுச் சாப்பிடு."

 அவள் சொல்லச் சொல்ல அவன் பெய்லாவைப் பார்த்தான். பெய்லா தலையசைத்தாள். "ரப்பி ஷம்மாஷ் கிட்ட கேட்டாச்சு. அறுபதுக்கு மேல இருக்கு. ஆகும்னு சொல்லிட்டார்."

"தெரியாம நடந்ததான்னு கேட்டாரா?"

"கேட்டார். மாமாவே பேசினார். மறந்துட்டேன்னார்."

ஒஸ்னத் கிண்ணத்திலிருந்து கையை எடுக்காமல் நின்றாள். அவன் எழுந்து போவானா, "எதுக்கு வம்பு, ஆரஞ்சு போதும்" என்பானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவிஷாய் அப்பாவைப் பார்த்தான். பார்வையில் சந்தேகம் எதுவும் இல்லை.

"அப்பா சொன்னா போதும்" என்றான். ஸ்பூனை எடுத்தான்.

ஒரு கூபேயை வெட்டினான். கறி வாசம் எழுந்தது. ஸ்பூன் வாய்க்குப் போகிற வழியில் இருந்தது.

"சாப்பிடாதே" என்றார் சாசோன்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"மறக்கலை. தெரிஞ்சுதான் விட்டேன்."

ஒஸ்னத்துக்கு முதலில் வந்தது கோபம். அதுவும் எப்படிப்பட்ட கோபம்! இத்தனை நேரம் வாயைத் திறக்காத மனுஷன், இன்னும் ஒரே ஒரு வாய் பொறுத்திருக்கக் கூடாதா என்கிற கோபம். அப்படி நினைத்ததற்காக அடுத்த நொடியே வெட்கப்பட்டாள்.

அவிஷாய் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தான். "ரப்பிகிட்ட மறந்துட்டேன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்."

"அப்புறம் இப்ப ஏன் சொல்றீங்க? நான் சாப்பிட்டிருப்பேனே. எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"ரப்பி யாரோ. அவர்கிட்ட சொன்னது பெரிசாப் படலை" என்றார் சாசோன். மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டே பேசினார். "நீ 'அப்பா சொன்னா போதும்'னே. இந்த வீட்டுல ஒரு தட்டைக்கூட நம்பாதவன், என் பேச்சை நம்பி ஸ்பூனைத் தூக்கினே. அதைப் பாத்துட்டு எப்படிடா உக்காந்திருக்கிறது?"

 கிண்ணங்களிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் கொட்டணுமா?" என்று ஒஸ்னத் கேட்டாள். 

"இருங்க அத்தை." பெய்லா நெற்றியைத் தேய்த்தாள். "வேணும்னே கலந்தா சட்டம் வேற. கலந்தவர் அதைச் சாப்பிடக் கூடாது. யார் சாப்பிடணும்னு அவங்களுக்காகக் கலந்தாரோ, அவங்களும் கூடாது. மத்தவங்களுக்கு ஆகும்."

"அப்படின்னா?"

"அதாவது... மாமா இதை யாருக்காகப் பண்ணினார்ங்கிறதுதான் கேள்வி. இவருக்காகப் பண்ணியிருந்தா, இவருக்கு ஆகாது." புருஷனைக் காட்டினாள். மீதியைச் சொல்லத் தயங்கினாள். "இவருக்காக இல்லாம, இவர் மேல இருந்த கோபத்துல, இவரைத் தோக்கடிக்கணும்னு பண்ணியிருந்தா... அப்போ ஆகலாம். ரப்பிதான் சொல்லணும்."

இப்படி ஒரு சட்டத்தை யார் எந்த அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தார்களோ! அவனுக்காகத்தான் செய்தேன், அவன் பழையபடி என் பிள்ளையாக வர வேண்டும் என்றுதான் செய்தேன் என்று சாசோன் சொன்னால், கேட்கிறவர்களுக்கு இரக்கம் வரும். மகன் பட்டினியாக எழுந்திருப்பான். பெற்ற பிள்ளைக்கு எதிராகச் செய்தேன் என்று ஒப்புக்கொண்டால்தான் மகன் சாப்பிட வழியுண்டு.

சாசோன் கையை நீட்டினார். "போனைக் குடு."

"நானே கேக்கறேன் மாமா, நீங்க..."

"என்னைத்தானே கேக்கப் போறார்? நானே பேசறேன்."

போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். உள்ளே மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாதாரணமாக அவர் போனில் பேசினால் கை நாலா பக்கமும் பறக்கும், அடுத்த கட்டடத்துக்குக் கேட்கும். இன்று கை ஆடவில்லை. ஒரு சமயம் எதையோ கேட்டு, வெகுநேரம் பேசாமல் நின்றார். அப்புறம் உதடு அசைந்தது. கொஞ்சம்தான் அசைந்தது.

கதவைத் திறந்துகொண்டு வந்தார். போனை மருமகளிடம் கொடுத்தார்.

"உங்க மூணு பேருக்கும் ஆகும். எனக்குத்தான் ஆகாது."

"அவர்கிட்ட என்ன சொன்னே?" என்றாள் ஒஸ்னத்.

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

பெய்லா தலையைக் குனிந்துகொண்டாள். அவிஷாய்க்கும் சட்டம் தெரியும். 'என் மகனுக்காகச் செய்யவில்லை, அவன் மேல் வஞ்சம் வைத்துச் செய்தேன்' என்று அப்பா தன் வாயால், பார்த்தே இராத ஓர் ஆளிடம் சொல்லாமல் இந்தத் தீர்ப்பு வந்திருக்க முடியாது. அவன் அப்பாவைப் பார்த்தான். கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தான். வரவில்லை. 

"அப்பா..."

"என்னடா அப்பா? ஆறிப்போகுது பாரு. உங்கம்மா விடியக்காலத்துலேர்ந்து நின்னிருக்கா."

சாசோன் தன் கிண்ணத்தை எடுத்து மேஜைக்கு நடுவில் தள்ளி வைத்தார். ரொட்டிக் கூடையை இழுத்துக்கொண்டார்.

அவிஷாய் ஸ்பூனை எடுத்தான். முதல் வாயை மென்று விழுங்க அவனுக்கு நேரம் பிடித்தது. இரண்டாவது வாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல் சாப்பிட்டான்.

"ரப்பி இன்னொண்ணும் சொன்னார்" என்றார் சாசோன் திடீரென்று. "உன்னைப் பத்தி."

ஸ்பூன் நின்றது. "என்ன சொன்னார்?"

"சாப்பிட்டு முடி. அப்புறம் சொல்றேன். சொன்னா நீ சாப்பிட மாட்டே."

பெய்லா புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து அடுத்த கூபேயை வெட்டினான்.

சாசோன் வெறும் ரொட்டியைப் பிய்த்து மென்றுகொண்டிருந்தார். மனைவி வைத்த குழம்பு கை எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஒஸ்னத் கரண்டியோடு நின்றாள். யாரைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, இரண்டு வருடம் கழித்துத் தன் கையால் சாப்பிடுகிற மகனையா, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிற புருஷனையா.